ஒரு பத்தி பிறந்த கதை

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10ஆம் தேதியிலிருந்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்-ரே படம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வரும் முடிவுக் கடிதத்தில் ஒரு பத்தி கட்டாயமாகிவிட்டது. உங்கள் மார்பகத் திசு அடர்த்தியானது, அல்லது அடர்த்தியானதல்ல என்று அது சொல்லும். கூடவே இன்னும் சில வாக்கியங்கள் இருக்கும்: அடர்த்தியான திசு மேமோகிராமில் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்கும், புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும், உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். அடர்த்தியானது என்றால், சிலருக்கு மேமோகிராமோடு வேறு சோதனைகளும் உதவக்கூடும் என்ற வரியும் சேரும். படித்து முடிக்க அரை நிமிடம் போதும்.

இதில் உள்ள எந்தச் செய்தியும் 2024இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அடர்த்தி படத்தை மறைக்கிறது என்பதைப் படம் பார்க்கும் மருத்துவர்கள் தொடக்கத்திலிருந்தே அறிவார்கள். ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஒருவர் எழுதியது 1976இல். பெண்ணின் கோப்பில் அவர் அடர்த்தி என்ன என்று ஆண்டுதோறும் குறித்தும் வைத்தார்கள். அந்தக் குறிப்பு மருத்துவமனையிலிருந்து புறப்பட்டு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆனது. வந்து சேர்ந்ததும் தானாக அல்ல. ஒரு பெண் நோயாளி, சட்டமன்றப் படியேறி, ஆண்டுக்கணக்கில் போராடி வாங்கியது அது.

முதலில் அடர்த்தி என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தொட்டுப் பார்த்து அறியக்கூடிய விஷயமல்ல. மார்பகம் பெரிதா சிறிதா, இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது. மார்பகத்துக்குள் கொழுப்பு இருக்கிறது. பால் சுரப்பிகளும் அவற்றின் நாளங்களும் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசுவும் இருக்கின்றன. எக்ஸ்-ரே கொழுப்பைச் சுலபமாகக் கடந்துவிடும், ஆகவே கொழுப்பு படத்தில் கறுப்பாக விழும். சுரப்பியும் நாரும் வெள்ளையாக விழும். வெள்ளை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அடர்த்தி. புற்றுக்கட்டியும் வெள்ளையாகவே விழும் என்பதுதான் சிக்கல். சுண்ணாம்பு அடித்த சுவரில் கோலமாவால் வைத்த புள்ளியைத் தேடுவது போன்ற வேலை அது.

அடர்த்தி ஒரு நோயல்ல. நாற்பதைக் கடந்த அமெரிக்கப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்பகம் அடர்த்தியானதுதான். இளம் வயதில் கூடுதலாக இருக்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் மாதவிடாய் நின்ற பின்னும் பலருக்குக் குறையும். மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரைகள் அதைக் கூட்டும். ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும். பெரும்பங்கு பிறப்பிலேயே வருகிறது. இரட்டைச் சகோதரிகளை ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வு ஒன்று, பெண்ணுக்குப் பெண் உள்ள வேறுபாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் மரபின் பங்கு என்று கணக்கிட்டது. ஆகவே யார் சாப்பாட்டையும் யார் நடத்தையையும் குறைசொல்ல இதில் இடமில்லை.

இந்த வெள்ளையை முதலில் ஆபத்தின் அடையாளமாக வாசித்தவர் டெட்ராய்ட் நகரின் ஹட்சல் மருத்துவமனையில் இருந்த ஜான் வுல்ஃப். எக்ஸ்-ரே படத்தை ஜெராக்ஸ் முறையில் காகிதத்தில் பதிக்கும் உத்தியை மார்பகத்துக்குப் பயன்படுத்திய முன்னோடி அவர். அந்தப் படங்களில் திசுவின் இழைகள் மிகத் துல்லியமாகத் தெரியும். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பார்த்து, மார்பகங்களை அவர் நான்கு வகையாகப் பிரித்தார். பெரும்பாலும் கொழுப்பாக இருப்பது முதல் வகை. நாளங்கள் கொஞ்சமாகத் தெரிவதும் அதிகமாகத் தெரிவதும் அடுத்த இரண்டு. படம் முழுக்க வெள்ளை அடைத்துக்கொண்டிருப்பது நான்காவது. நான்காம் வகைப் பெண்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு முதல் வகையினரைவிடப் பல மடங்கு என்று 1976இல் எழுதினார்.

எதிர்ப்பு உடனே வந்தது. மேமோகிராம் எடுக்கும் முறையையே ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் என்று பெயர் பெற்ற ராபர்ட் ஈகனும் உடன் பணியாற்றிய மோஸ்டெல்லரும் அடுத்த ஆண்டே மறுப்பு எழுதினார்கள். வெள்ளைக்குப் பின்னால் கட்டி முன்பே இருந்திருக்கிறது, முதல் படத்தில் கண்ணுக்குப் படவில்லை, பிறகு வெளியே வந்ததும் அந்த வகைக்கு ஆபத்து அதிகம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். மறைக்கிறதா, வரவழைக்கிறதா என்ற இந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பலர் சலித்துப்போய் வுல்ஃபின் வகைகளையே ஓரம்கட்டிவிட்டார்கள்.

கனடாவின் டொராண்டோ நகரில் நார்மன் பாய்ட் என்ற மருத்துவ ஆய்வாளர் விடவில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து அவரும் அவருடைய குழுவினரும் இதே கேள்வியைத் துரத்தினார்கள். நான்கு வகை என்று கண்ணளவில் சொல்வதை விட்டுவிட்டு, படத்தின் பரப்பில் எத்தனை சதவீதம் வெள்ளை என்று அளக்கத் தொடங்கினார்கள். 2007இல் வெளியான அவர்கள் கட்டுரை சண்டையை முடித்துவைத்தது. 75 சதவீதமோ அதற்கு மேலோ வெள்ளையாக இருக்கும் பெண்ணுக்கு, 10 சதவீதத்துக்கும் கீழே உள்ள பெண்ணோடு ஒப்பிட்டால், புற்றுநோய் வாய்ப்பு 4.7 மடங்கு. இன்னொரு எண்ணும் அதே கட்டுரையில் இருந்தது: படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிய 12 மாதங்களுக்குள் புற்றுநோய் வெளிப்படும் வாய்ப்பு 17.8 மடங்கு. ஈகன் சொன்னதும் சரி, வுல்ஃப் சொன்னதும் சரி. அது மறைக்கவும் செய்கிறது, ஆபத்தாகவும் இருக்கிறது. ஒரே பெண்ணுக்கு இரண்டு கெடுதலும் சேர்ந்தே வருகின்றன.

இதற்கிடையே 2002இல் நியூயார்க்கில் தாமஸ் கோல்பும் அவருடைய சகாக்களும் மிக அடர்ந்த மார்பகங்களில் மேமோகிராம் எத்தனை புற்றுநோயைப் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்திருந்தார்கள். 48 சதவீதம். பாதிக்கும் கீழே.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். அதற்கும் ஒரு பிறப்பு உண்டு. அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் இடங்களெல்லாம் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்று 1992இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கருவி, படம், பணியாளர் தகுதி எல்லாம் அதில் இருந்தன. முடிவு மட்டும் வழக்கம்போல மருத்துவருக்குப் போயிற்று. மருத்துவர் அலுவலகத்தில் தாள் தவறிப்போனால் பெண்ணுக்குச் செய்தியே போகாது. 1998இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எளிய நடையில் எழுதிய ஒரு கடிதம் 30 நாளுக்குள் பெண்ணுக்கே நேராகப் போக வேண்டும் என்றார்கள்.

அப்படி இரண்டு தாள்கள் ஆயின. மருத்துவருக்குப் போகும் அறிக்கை ஒன்று. பெண்ணுக்குப் போகும் கடிதம் ஒன்று. முதல் தாளில் அடர்த்தி இருந்தது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி (ஏ.சி.ஆர்.) 1993இல் வெளியிட்ட பை-ராட்ஸ் என்ற அறிக்கை முறை, படம் பார்க்கும் மருத்துவர்களான ரேடியாலஜிஸ்டுகள் எல்லோரும் ஒரே சொற்களில் எழுத வழிசெய்தது. அடர்த்திக்கு அதில் நான்கு படிகள். 2013 பதிப்பிலிருந்து அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகள். பத்துப் பெண்களில் சுமார் ஒருவர் ஏ, நால்வர் பி, நால்வர் சி, ஒருவர் டி. சி, டி இரண்டும் அடர்த்தியானவை. இரண்டாவது தாளில் இது எதுவும் கிடையாது. மேமோகிராம் இயல்பாக இருக்கிறது, அடுத்த ஆண்டு வாருங்கள் என்று மட்டும் இருக்கும். ஒருவருடைய உடலைப் பற்றிய செய்தியை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, அவருக்கு அனுப்பும் தாளில் அதை விட்டுவிடுவது எந்தக் காரணத்தாலும் நியாயமாகாது என்றே நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் நிலைமை சற்று வேறு. ஸ்கேன் சென்டரில் மேமோகிராம் எடுத்தால் ரிப்போர்ட்டும் படமும் பெரும்பாலும் நம் கைக்கே வந்துவிடும். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் அடர்த்தி வகை ‘ஏ.சி.ஆர். டைப் சி’ என்பதுபோல ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். கட்டி இல்லை என்ற கடைசி வரியைப் படித்துவிட்டுக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிடுவோம். இந்தியப் பெண்களுக்கு மேலை நாட்டுப் பெண்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாகவே மார்பகப் புற்றுநோய் வருகிறது. அந்த வயதில் அடர்த்தியும் கூடுதல். அரசின் பரிசோதனைத் திட்டத்தில் செவிலியரும் மருத்துவரும் கையால் சோதிப்பதே முறை. மேமோகிராம் அதற்கு அடுத்த கட்டம். எனவே இந்தப் பத்தி இன்னும் நம் நாட்டுச் சட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்து ஏற்கெனவே பலர் வீட்டு பீரோவில் இருக்கிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உட்பரி என்ற சிற்றூரில் வசித்தவர், முதலில் சொன்ன அந்தப் பெண் நோயாளி, நான்சி கப்பெல்லோ. கல்வியில் முனைவர் பட்டம் பெற்றவர். சிறப்புக் கல்வித் துறையில் வேலை. ஆண்டு தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொள்பவர். பத்தாண்டுக்கும் மேலாக எல்லாம் இயல்பு என்றே கடிதம் வந்தது. 2003 இறுதியிலும் அப்படியே வந்தது. சில வாரங்கள் கழித்து வழக்கமான பரிசோதனையில் அவருடைய மருத்துவரின் விரலுக்கு மார்பகத்தில் மேடு ஒன்று தட்டுப்பட்டது. மறுபடி மேமோகிராம், அதில் ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். அதில் கட்டி தெரிந்தது, சுமார் இரண்டரை சென்டிமீட்டர். 2004 தொடக்கத்தில் நோய் உறுதியானபோது அது 3சி கட்டத்தில் இருந்தது. 13 நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது.

மேமோகிராம் ஏன் காட்டவில்லை என்று கேட்டார். உங்கள் மார்பகம் அடர்த்தியானது என்றார்கள். அந்தச் செய்தியை அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அல்ட்ராசவுண்ட் ஒரே பார்வையில் காட்டிவிட்டதே, அடர்த்தி உள்ள பெண்களுக்கு அதை ஏன் முன்பே எடுப்பதில்லை என்று கேட்டார். அது வழக்கமான நடைமுறை அல்ல என்று பதில். அறுவைச் சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே தன் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: இனி வரும் பெண்களுக்காவது அவர்கள் அடர்த்தியைச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதிக்கவில்லை.

அவர்கள் கெட்ட மனிதர்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அடர்த்தி உள்ளது என்று சொன்னால் அடுத்த கேள்வி, நான் என்ன செய்யட்டும் என்பதுதான். அந்தக் கேள்விக்கு 2004இல் ஒப்புக்கொள்ளப்பட்ட பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் கேள்வியை எழுப்பாமல் இருப்பதே கருணை என்று மருத்துவம் நெடுங்காலமாகப் பழகிவந்திருக்கிறது. கப்பெல்லோ அந்தக் கருணையின் விலையை 13 கணுக்களில் கொடுத்தவர். அவர் மருத்துவமனையை விட்டுவிட்டுச் சட்டமன்றத்துக்குப் போனார். கணவர் ஜோசப்பும் கூடவே போனார்.

மாநில செனட்டர் ஜோசப் கிரிஸ்கோ அவர்களுக்குத் துணை நின்றார். 2005இல் முதல் சட்டம் நிறைவேறியது. மேமோகிராமில் அடர்த்தி தெரிந்தால் மார்பகம் முழுவதற்குமான அல்ட்ராசவுண்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்பது அது. பெரிய வெற்றிதான். ஆனால் உடனே ஓர் ஓட்டை தெரிந்தது. பணம் கட்ட ஆள் இருக்கிறது, சோதனை இருக்கிறது, தனக்கு அது தேவை என்பது பெண்ணுக்குத் தெரியாது. மருத்துவரின் தாளில் இருக்கும் வரி அவருடைய தாளுக்கு வராதவரை அந்தச் சட்டம் பெட்டியில் கிடக்கும் சட்டம்.

அந்த வரியைக் கடிதத்துக்குள் கொண்டுவர மேலும் நான்காண்டு ஆனது. மருத்துவர் சங்கங்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு. பெண்கள் தேவையில்லாமல் பயந்துபோவார்கள், கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சட்டமன்றம் சொல்லக்கூடாது, அல்ட்ராசவுண்ட் கேட்டு வருகிறவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது என்று பல காரணங்கள். 2009இல் சட்டம் நிறைவேறி அக்டோபர் 1 முதல் அமலானது. அப்போது மாநில ஆளுநர் ஜோடி ரெல். அவரும் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். பெண்ணின் கடிதத்தில் அடர்த்தியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் போட்ட முதல் மாநிலம் கனெக்டிகட். பத்தி பிறந்த இடம் அதுதான்.

சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் அந்த மாநிலமே முதலில் காட்டியது. கடிதம் கண்டு அல்ட்ராசவுண்டுக்கு வந்த 935 பெண்களின் முடிவுகளை யேல் பல்கலைக்கழக ரேடியாலஜிஸ்டுகள் 2012இல் வெளியிட்டார்கள். மேமோகிராமில் தெரியாத புற்றுநோய் 1000 பேருக்குச் சுமார் 3 என்ற கணக்கில் கிடைத்தது. கூடவே, புற்றுநோயே இல்லாத பலருக்கும் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

கப்பெல்லோ ‘ஆர் யூ டென்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி மாநிலம் மாநிலமாகப் போனார். பல மாநிலங்களில் அவரைப்போலவே, இயல்பு என்ற கடிதத்தை நம்பி இருந்துவிட்டுப் பின்னால் கட்டியைக் கண்ட பெண்கள் முன்னே வந்தார்கள். டெக்சாஸில் 2011இல் வந்த சட்டத்துக்கு அதற்காகப் போராடிய ஹெண்டா சால்மெரோனின் பெயரே வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வர்ஜீனியா, நியூயார்க். கலிபோர்னியாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2011இல் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு அதே நோக்கத்தோடு வந்த மசோதாவில் கையெழுத்திட்டார். 2019க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோவொரு வடிவில் இந்தப் பத்தி வந்துவிட்டது.

ஏதோவொரு வடிவில் என்று சொல்லக் காரணம் உண்டு. ஒவ்வொரு சட்டமன்றமும் தன் வார்த்தையில் எழுதியது. சில மாநிலங்களில் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக அடர்த்தி என்று ஒன்று உண்டு என்ற தகவல் போயிற்று, உங்களுக்கு இருக்கிறதா என்று சொல்லாமலே. சில இடங்களில் படத்தை மறைக்கும் என்று இருந்தது, ஆபத்து என்பது இல்லை. பாஸ்டனில் நான்சி கிரெசினும் அவருடைய சகாக்களும் 2016இல் இந்தக் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தார்கள். பெரும்பாலானவை உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே புரியும் நடையில் இருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்கும் மார்பகம் உண்டு. அவர் கையில் அந்தக் கடிதம் என்ன செய்யும்? இவ்வளவு பாடுபட்டு வாங்கிய வரியை வக்கீல் நடையில் எழுதிக் கெடுத்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்த இடங்களும் உண்டு. அடர்த்தியைக் கண்ணளவில் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். பிரையன் ஸ்ப்ரேகும் சகாக்களும் 2016இல் 83 ரேடியாலஜிஸ்டுகள் பார்த்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அலசினார்கள். ஒரு ரேடியாலஜிஸ்ட் தான் பார்த்தவற்றில் 6.3 சதவீதத்தை மட்டும் அடர்த்தி என்றார், இன்னொருவர் 84.5 சதவீதத்தை. அடுத்தடுத்த படங்களை வேறுவேறு ஆட்கள் பார்த்தபோது 17 சதவீதப் பெண்கள் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார்கள். போன வருடம் அடர்த்தி, இந்த வருடம் இல்லை என்று கடிதம் வந்தால் யார்தான் குழம்பமாட்டார்கள்? இப்போது கணினி நிரல் கொண்டு அளக்கும் முறை பரவிவருகிறது. அளவு ஆளைப் பொறுத்து மாறாமல் இருக்க அது உதவும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அரசின் பரிசோதனைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து, சிலருக்கு அடர்த்தியைச் சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களிடம் கவலையும் குழப்பமும் கூடின; குடும்ப மருத்துவரிடம் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்தவர்களும் கூடினார்கள். இதை வைத்துச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்கத்தக்கதாகப் படவில்லை. ஒருவருக்குக் கவலை வருகிறது, மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் கடிதம் அதன் வேலையைச் செய்திருக்கிறது. அவர் போய்க் கேட்கும் மருத்துவரிடம் பதில் இல்லாமல் இருப்பதுதான் கோளாறு. திருத்த வேண்டியதும் அதைத்தான்.

அந்தப் பதிலுக்கான மிக உறுதியான அடித்தளம் நெதர்லாந்திலிருந்து வந்தது. உட்ரெக்ட் நகரின் கார்லா வான் கில்ஸ் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், மிக அடர்ந்த மார்பகமும் இயல்பான மேமோகிராமும் உள்ள, 50 முதல் 75 வயதுவரையான 40,373 பெண்கள் இடம்பெற்றார்கள். அவர்களில் 8,061 பேரை எம்.ஆர்.ஐ.க்கு அழைத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கம்போல மேமோகிராம் மட்டும். அடுத்த முறை வருவதற்கு முன் இடையில் வெளிப்படும் புற்றுநோய், மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் 1000க்கு 5, அழைக்கப்பட்டவர்களில் 2.5. அழைக்கப்பட்டும் நாற்பது சதவீதம் பேர் வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்தப் பாதி. வந்து எடுத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்தால் 0.8. இந்த முடிவுகள் 2019 நவம்பரில் வெளியாயின. எம்.ஆர்.ஐ. எடுத்த 1000 பேரில் சுமார் 80 பேருக்கு வீண் சந்தேகமும் கிளம்பியது என்பதையும் அதே கட்டுரை ஒளிக்காமல் எழுதியது. 2022இல் ஐரோப்பிய மார்பகப் பட மருத்துவச் சங்கம், பெண்களுக்கு அவர்கள் அடர்த்தியைச் சொல்ல வேண்டும் என்றும், மிக அடர்ந்த மார்பகம் உள்ள 50 முதல் 70 வயதுப் பெண்களுக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பிரிட்டனில் ஃபியோனா கில்பர்ட் நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், சுருக்கமான எம்.ஆர்.ஐ.யும் மருந்து செலுத்தி எடுக்கும் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டைவிடப் பல மடங்கு அதிகமான கட்டிகளைப் பிடித்தன.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பெண் தானே போய் மேமோகிராம் எடுத்துக்கொள்கிறார். ஐரோப்பாவில் பல நாடுகளில் அரசே கடிதம் போட்டு, குறிப்பிட்ட வயது வந்த எல்லாப் பெண்களையும் அழைக்கிறது. அழைத்த அரசுக்குப் பொறுப்பு அதிகம். உங்கள் மார்பகம் அடர்த்தியானது, எங்கள் சோதனை உங்களுக்கு அவ்வளவு நம்பகமானதல்ல, வேறு சோதனை எங்களிடம் இல்லை என்று அரசு எழுத முடியுமா? இந்தச் சங்கடத்தாலேயே பிரிட்டன் உட்படப் பல நாடுகளின் திட்டங்கள் அடர்த்தியைப் பற்றிப் பேசாமலே இருந்துவந்தன. விதிவிலக்கும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் திட்டம், அமெரிக்கச் சட்டங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அடர்த்தி உள்ள பெண்களுக்குச் சொல்லிவருகிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2018 அக்டோபரில் எல்லாப் பெண்களின் கடிதத்திலும் அடர்த்தி வகையைச் சேர்த்தது. ஒன்டாரியோ உட்பட மற்ற மாகாணங்கள் பின்தொடர்ந்தன. டொராண்டோவில் வாழும் நம் பெண்கள் பலருடைய கையிலும் இப்போது அந்தக் கடிதம் இருக்கும்.

அமெரிக்கா முழுவதற்குமான சட்டத்துக்கு 2011இலேயே மசோதா கொண்டுவந்தவர் கனெக்டிகட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ரோசா டிலாரோ. கருப்பைக்கு அருகே உள்ள சினைப்பையில் புற்றுநோய் வந்து மீண்டவர். மசோதா பலமுறை கிடப்பில் போயிற்று. 2018 நவம்பர் 15 அன்று நான்சி கப்பெல்லோ காலமானார். மார்பகப் புற்றுநோய்க்காக எடுத்துக்கொண்ட சிகிச்சையின் பின்விளைவாக எலும்பு மஜ்ஜையில் வந்த நோய் அவரைக் கொண்டுபோனது. மூன்றே மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், கூட்டாட்சி நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு சேர்ந்தது: மேமோகிராம் கடிதங்களில் அடர்த்தியைச் சொல்ல, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. விதி செய்ய வேண்டும். மார்ச் மாதம் வரைவு வந்தது. இறுதி விதி வர 2023 மார்ச் ஆனது. அமலுக்கு மேலும் 18 மாதம் கொடுத்தார்கள். அதுதான் 2024 செப்டம்பர் 10.

எஃப்.டி.ஏ. எழுதிய பத்தி மாநிலங்களின் பழைய பத்திகளைவிட மேலானது. சொற்கள் எளியவை, மறைப்பதையும் ஆபத்தையும் இரண்டையும் சொல்கிறது, உங்களுக்கு இருக்கிறது, அல்லது இல்லை என்று நேராகச் சொல்கிறது. நாடு முழுக்க ஒரே வாசகம்.

அதில் ஒரு குறை இருக்கிறது, அது வாசகத்தில் இல்லை. மருத்துவரிடம் பேசுங்கள் என்ற வரியை நம்பி ஒரு பெண் போகிறார். மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கிறார். அதற்கு யார் பணம் கட்டுவது என்று அந்த விதியில் எதுவும் இல்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு 2024 ஏப்ரலில், அடர்த்தி உள்ளவர்களுக்குக் கூடுதல் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லச் சான்று போதாது என்றது. காப்பீட்டின் இலவசச் சோதனைகள் பெரிதும் அந்தக் குழுவின் பரிந்துரையைப் பொறுத்து அமைகின்றன. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம், காப்பீட்டுக்குக் காப்பீடு நிலைமை மாறுகிறது. வசதி உள்ளவர் எடுத்துக்கொள்கிறார். அதே கடிதம் வந்த இன்னொருவர் ஆண்டு முழுக்கக் கவலையை மட்டும் சுமக்கிறார்.

கூடுதல் சோதனைகளுக்குக் காப்பீடு முழுப் பணமும் கொடுக்க வேண்டும் என்று டிலாரோ இன்னொரு மசோதாவை 2022இல் கொண்டுவந்தார். அடர்த்தியான மார்பகம் உள்ளவரும் அதே ஆண்டில் தனக்கு வந்த மார்பகப் புற்றுநோயைப் பகிரங்கமாகச் சொன்னவருமான தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் அதற்குத் துணைநின்றார். அந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறவில்லை. மறு ஆண்டு மீண்டும் கொண்டுவந்தார்கள். கனெக்டிகட்டில் கப்பெல்லோ முதலில் வாங்கியது சோதனைக்குப் பணம் கொடுக்கும் சட்டம், கடிதம் அதற்கு நான்காண்டு கழித்தே வந்தது. நாட்டுச் சட்டத்தில் வரிசை தலைகீழாகி, கடிதம் முதலில் வந்திருக்கிறது.